மாலீஷ் முதல் ரெய்கி வரை: கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கும்?

மும்பை சௌபாத்தி கடற்கரையில் பொழுது சாய்ந்ததும் ஒரு சத்தம் கேட்கும். கண்ணாடிக் குப்பிகள் ஒன்றோடு ஒன்று உரசும் "கிணிங், கிணிங்" சத்தம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஐஸ்காரர் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். வருபவர் மாலீஷ்காரர். ஒரு கையில் கம்பிக் கூடை. அதில் கடுகு எண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய்க் குப்பிகள். கக்கத்தில் சுருட்டிய பாய்.

மணலில் பாயை விரிப்பார். படுத்தவரின் தலை, தோள், முதுகு, கால் என்று வரிசையாகப் பிடித்து விடுவார். அரை மணி நேரம் கழித்து எழுந்தால் உடம்பு பஞ்சு போல இருக்கும். பகல் முழுவதும் மூட்டை தூக்கியவருக்கும், எட்டு மணி நேரம் நாற்காலியில் குனிந்து கணக்கு எழுதியவருக்கும் அதுவே பெரிய சுகம்.

இதே நகரத்தில், குளிர்சாதன அறையில், ஆளைத் தொடாமலே "சக்தி" செலுத்தி நோயைப் போக்குவதாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கேரள எண்ணெய் மசாஜ், சலூன் மாலீஷ், "வீட்டுக்கே வந்து செய்கிறோம்" என்ற விளம்பரம் என்று பல ரகம்.

இதில் எதற்குக் காசு கொடுக்கலாம்? கொடுத்தால் என்ன எதிர்பார்க்கலாம்? எதை எதிர்பார்க்கக் கூடாது? ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பீகார்காரரின் "ஷாம்பு"

தலையில் எண்ணெய் வைத்துத் தட்டிப் பிடிப்பதை வடக்கே "சம்பி" என்பார்கள். ஆங்கிலேயர் தலைக்குத் தேய்க்கும் "ஷாம்பு" இந்த இந்திச் சொல்லில் இருந்து பிறந்ததுதான். முதலில் அந்தச் சொல்லுக்குப் பிடித்து விடுதல் என்றே பொருள்.

அதை லண்டன் துரைமார்களிடம் கொண்டு போனவர் பாட்னாவில் பிறந்த சேக் தீன் மகமது. 1759-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் நீராவிக் குளியலும் மாலீஷும் சேர்ந்த ஒரு நிலையம் நடத்தினார். பிரபுக்கள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே அவர் "ஷாம்பு வைத்தியர்" ஆனார். நம் ஊர் நாவிதர்களுக்குக் கிடைக்காத மரியாதை!

1957-ல் வந்த "பியாசா" இந்திப் படத்தில் ஜானி வாக்கர் மாலீஷ்காரராக வந்து பாடும் பாட்டு இன்றும் வானொலியில் கேட்கிறது. அந்தப் படத்துக்குப் பிறகு மாலீஷ்காரர் என்றாலே அவர் முகம்தான் பலருக்கு நினைவு வரும்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிது அல்ல. சித்த மருத்துவத்தில் உடம்புக்கு வெளியே செய்யும் சிகிச்சைகள் 32. அவற்றில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் உட்பட அதில் ஒன்பது விதம் சொல்லப்பட்டிருக்கிறது. ஊரில் சுளுக்கு வழிக்கும் பாட்டி இவற்றின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் கை அதைத்தான் செய்யும்.

வலி ஏன் குறைகிறது?

முழங்கால் கதவில் இடித்தால் உடனே என்ன செய்கிறோம்? கையால் பரபரவென்று தேய்க்கிறோம். வலி கொஞ்சம் அடங்குகிறது. இது மனப்பிரமை அல்ல. தொடு உணர்ச்சியும் வலியும் நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. தண்டுவடத்தில் ஒரு வாசல் இருப்பது போலவும், தொடு உணர்ச்சி முந்திக் கொண்டால் வலிக்கு அந்த வாசல் பாதி மூடுவது போலவும் 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் விளக்கினார்கள். பிடித்து விடும்போது வலி குறைவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ஓய்வு. அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல், செல்போன் பார்க்காமல், கண்ணை மூடிக் கிடப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற தாராவியில் அதற்கு விலையே போடலாம்.

"உடம்பில் இருக்கிற கெட்ட அமிலத்தை எல்லாம் எண்ணெய் இழுத்து விடும்" என்று சில மாலீஷ்காரர்கள் சொல்வார்கள். அது சரி அல்ல. கடும் வேலை செய்யும்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலம், வேலையை நிறுத்தி ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தானாகவே போய்விடும். மறுநாள் எடுக்கிற வலி வேறு. பழக்கம் இல்லாத வேலையைச் செய்ததால் தசை நார்களில் ஏற்படும் சின்னஞ்சிறு காயங்களால் வருவது அது. இரண்டு மூன்று நாளில் ஆறும். பிடித்து விட்டால் அந்த நாட்களைச் சற்று சுலபமாகத் தள்ளலாம். அவ்வளவுதான்.

இடுப்பு வலிக்கு மசாஜ் எவ்வளவு உதவும் என்று பல நாடுகளில் நடந்த 25 ஆய்வுகளை 2015-ல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மொத்தம் 3,096 பேர். சில நாட்களுக்கு, சில வாரங்களுக்கு வலி குறைகிறது. நீண்ட நாள் பலன் உண்டு என்று அழுத்திச் சொல்ல முடியாது என்பதே முடிவு. அந்தக் குறுகிய கால நன்மைக்கான ஆதாரம் கூட வலுவானது அல்ல என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே, "பத்து தடவை வாருங்கள், இடுப்பு வலி ஜென்மத்துக்கும் வராது" என்று ஒருவர் சொன்னால், பத்து தடவைக்கான பணத்தை முன்னாலேயே கட்ட வேண்டாம். ஒரு தடவை போய்ப் பாருங்கள். நன்றாக இருந்தால் அடுத்த தடவைக்கு அப்போது கொடுத்தால் போதும்.

படுப்பதற்கு முன்

கடற்கரையோ கடையோ, எந்த இடமானாலும் விலையை முதலில் பேச வேண்டும். தலைக்கு மட்டுமா, உடம்பு முழுவதுமா, எத்தனை நிமிடம், எந்த எண்ணெய் என்று கேட்டு விட வேண்டும். பாதியில் "இது ஸ்பெஷல் எண்ணெய்" என்று குப்பி மாறினால், கணக்கும் மாறும். பர்ஸும் செல்போனும் கூட வந்தவரிடம் இருக்கட்டும். மணலில் சட்டையோடு சுருட்டி வைத்து விட்டுக் கண்ணை மூடினால், கண்ணைத் திறக்கும்போது சட்டை மட்டும் இருக்கலாம்.

நல்ல நிலையம் என்றால் முதலில் கேள்வி கேட்பார்கள். ரத்த அழுத்தம் உண்டா, சர்க்கரை உண்டா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பெண்களானால் கர்ப்பமா என்று விசாரிப்பார்கள். எதுவும் கேட்காமல் மேசையைக் காட்டுகிற இடத்தில் நாமே சொல்லி விடுவது நல்லது.

கேரள முறையில் சூடான எண்ணெய் தேய்த்து முக்கால் மணி, ஒரு மணி நேரம் பிடிப்பார்கள். சில இடங்களில் மூலிகையைத் துணியில் கட்டிச் சுட வைத்து ஒத்தடம் கொடுப்பார்கள். கிழி என்று அதற்குப் பெயர். முறையான நிலையத்தில் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்தான் செய்வார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் கிழி விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்குக் கால் புண் ஆறுவதும் கஷ்டம்.

பிடித்த மறுநாள் லேசாக வலி எடுத்தால் பயப்பட வேண்டாம். அழுத்தும்போது தாங்க முடியாமல் வலித்தால் "போதும்" என்று சொல்ல வேண்டும். வலிக்க வலிக்கத்தான் நோய் போகும் என்பது தவறான எண்ணம்.

பணம் செலவழிக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. வொர்லியில் உள்ள போதார் அரசு ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் எண்ணெய்ச் சிகிச்சை பெறலாம். சயான், பரேல் கே.இ.எம். மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. ஹாஜி அலியில் மத்திய அரசின் உடலியக்க மறுவாழ்வு நிலையம் 1955 முதல் நடக்கிறது. அங்கே சொல்லித் தரும் பயிற்சிகளை வீட்டில் செய்தால், மாலீஷில் கிடைக்காத நீண்ட நாள் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும் என்பது ஒன்றே கஷ்டம்.

ஊரில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருந்தது. குழாயில் காலை ஒரு மணி நேரம் தண்ணீர் வரும் சாலில் அதற்கு எங்கே போவது என்று கேட்பவர்களும் உண்டு. நியாயம்தான்.

தொடாத வைத்தியம்

இனி "சக்தி" சிகிச்சை. இதில் இரண்டு பெயர்கள் மும்பையில் அதிகம் காதில் விழும். ஒன்று ரெய்கி. மற்றது பிராணிக் ஹீலிங்.

ரெய்கியை 1922-ல் ஜப்பானில் மிக்காவோ உசுயி என்பவர் தொடங்கினார். ஹவாய்த் தீவில் இருந்த ஜப்பானியப் பெண்மணி ஹவாயோ தகாத்தா, 1930-களில் அதைக் கற்று மேல்நாட்டுக்குக் கொண்டு போனார். நாம் பிராணன் என்பதை ஜப்பானியர் "கி" என்கிறார்கள். பிராணிக் ஹீலிங் முறையை வகுத்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த சோவா கோக் சூயி. பெயர் சமஸ்கிருதமாக இருப்பதால் அது நம் நாட்டுப் பழைய முறை என்று பலர் நினைக்கிறார்கள்.

போனால் என்ன நடக்கும்? ரெய்கியில் சட்டையைக் கழற்ற வேண்டியது இல்லை. படுக்க வைப்பார்கள். தலை, நெஞ்சு, வயிறு, முட்டி என்று ஒவ்வோர் இடத்திலும் கையை மெல்ல வைப்பார்கள், அல்லது சற்று மேலே பிடிப்பார்கள். அறை இருட்டாக, அமைதியாக இருக்கும். மெல்லிய இசை கேட்கும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் இப்படியே போகும். சிலருக்குக் கை வைத்த இடம் கதகதப்பாகத் தெரியும். பலர் தூங்கி விடுவார்கள். சிலருக்குக் காரணம் தெரியாமல் கண்ணீர் வரும்.

பிராணிக் ஹீலிங்கில் தொடவே மாட்டார்கள். உடம்பைச் சுற்றி ஒளி வட்டம் இருப்பதாகச் சொல்லி, கையைத் தள்ளி வைத்துத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு அழுக்குச் சக்தியை வழித்து எடுத்து, பக்கத்தில் உள்ள உப்புத் தண்ணீரில் உதறுவார்கள். வேப்பிலை அடிப்பதையும், உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது.

சரி, அந்தச் சக்தி இருக்கிறதா?

ஒன்பது வயதுச் சிறுமியின் சோதனை

அமெரிக்காவில் நர்ஸ்கள் சிலர் இதே போன்ற ஒரு முறையைச் செய்து வந்தார்கள். நோயாளியின் உடம்புக்கு மேல் கையை நீட்டி அவருடைய சக்தியை உணர்வதாகச் சொன்னார்கள். எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக இதைச் சோதித்துப் பார்த்தாள்.

ஒரு அட்டைத் திரை. அதில் இரண்டு ஓட்டை. சிகிச்சை செய்பவர் இரண்டு கைகளையும் ஓட்டை வழியாக நீட்ட வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எமிலி, காசைச் சுண்டிப் பார்த்து, வலது கை அல்லது இடது கைக்கு மேல் தன் கையை வைப்பாள். எந்தக் கைக்கு மேல் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

21 பேர் உட்கார்ந்தார்கள். 280 தடவை சோதனை நடந்தது. சரியாகச் சொன்னது நூற்றுக்கு 44. கண்ணை மூடிக் கொண்டு பூவா தலையா சொல்லியிருந்தாலும் 50 வந்திருக்கும்! 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் இது வெளிவந்தபோது எமிலிக்கு வயது 11.

ரெய்கியையும் சோதித்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் வலி என்று அவதிப்படும் 100 பேரை வைத்து நடந்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. சிலருக்கு ரெய்கி படித்தவர்கள் செய்தார்கள். மற்றவர்களுக்கு, ரெய்கி தெரியாத நடிகர்கள் அதே மாதிரி கையை வைத்து நடித்தார்கள். வலி விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் போனவர்கள் "நன்றாக இருந்தது" என்று சொல்வது பொய்யா? பொய் இல்லை. ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்தது உண்மை. ஒருவர் முழுக் கவனத்தோடு பக்கத்தில் இருந்தது உண்மை. ஊரை விட்டு வந்து, பேச ஆள் இல்லாமல் இருப்பவருக்கு அது மருந்து மாதிரிதான். மனம் லேசாகும். தூக்கம் வரும். அதற்காக வசதி உள்ளவர்கள் காசு கொடுப்பதில் குற்றம் இல்லை. சர்க்கரையும் கட்டியும் ரத்தக் குழாய் அடைப்பும் அதில் கரையும் என்று நம்பி, சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்துவதில்தான் ஆபத்து இருக்கிறது.

"மாத்திரையை நிறுத்துங்கள்" என்று யார் சொன்னாலும், அவரிடம் மறுபடி போக வேண்டாம். முதல் படி, இரண்டாம் படி, குருப் படி என்று பாடம் நடத்திப் பணம் வாங்குவதும் உண்டு. போனிலேயே, தூரத்தில் இருந்தே சக்தி அனுப்புவதாகச் சொல்லிப் பணம் வாங்குவதும் உண்டு. பணம் மட்டும் தூரத்தில் இருந்து உடனே போய்ச் சேர்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மந்திரம், தாயத்து, கவசம் போன்றவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலும் அதில் உண்டு. நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம், வலிப்பு ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சட்டம் இருக்கிறது. மின்சார ரெயிலில் ஒட்டிய பாபா நோட்டீசும் இருக்கிறது!

"அழகான பெண்கள் வீட்டுக்கே வந்து மசாஜ்" என்று செல்போனில் வரும் விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியது இல்லை. முன்பணம் அனுப்பச் சொல்வார்கள். அனுப்பிய பின் போனை எடுக்க மாட்டார்கள். வெட்கப்பட்டுக் கொண்டு யாரும் போலீசுக்குப் போக மாட்டார்கள் என்பதே அவர்களுடைய மூலதனம்.

கை வைக்கக் கூடாத வலிகள்

இடது மார்பில் அழுத்தம். தோளுக்கும் கைக்கும் தாடைக்கும் பரவும் வலி. குப்பென்று வியர்வை. இதை "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி, நெஞ்சிலும் முதுகிலும் தைலம் தேய்த்துச் சோடா குடிக்க வைக்கும் வழக்கம் நம்மவர்களிடம் இன்னும் போகவில்லை. பல நேரம் அது வாயுவாகவே இருக்கலாம். மாரடைப்பாக இருந்தால், தேய்த்துக் கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக் கொண்டிருக்கும். 108-க்குப் போன் செய்ய வேண்டும். அல்லது டாக்சி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாயு என்று டாக்டர் சொல்லி அனுப்பினால் சந்தோஷமாகத் திரும்பலாம்.

ஒரு பக்க முகம் கோணி, கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "ஊரில் நல்ல வாத வைத்தியர் இருக்கிறார், எண்ணெய் போட்டு நடக்க வைத்து விடுவார்" என்று ஆளை ரெயில் ஏற்றி அனுப்புகிற குடும்பங்கள் உண்டு. மும்பையில் ஏறி ஊர் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். நாலரை மணி நேரத்தில் வண்டி புனே தாண்டினாலே அதிகம்.

ரெயிலைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. நீண்ட நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து வந்தாலும், ஆபரேஷன் முடிந்து நாள் கணக்கில் படுத்திருந்தாலும், சிலருக்குக் கெண்டைக்கால் ரத்தக் குழாயில் கட்டி உண்டாகும். ஒரு கால் மட்டும் வீங்கும், சூடாகும், வலிக்கும். அந்தக் காலைப் பிடித்து விடக் கூடாது. கட்டி பிய்த்துக் கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இரண்டு காலும் சேர்ந்து அலுப்பாக வலிப்பது வேறு. ஒற்றைக் கால் வீங்குவது வேறு.

இடுப்பு வலியோடு காலில் மரமரப்பு ஏறி, சிறுநீர் கழிப்பதும் தடைப்பட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுந்து வீங்கிய கையைச் சுளுக்கு என்று நீவுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுத்து விட வேண்டும். காய்ச்சல் உடம்பில் எண்ணெய் மாலீஷ் வேண்டாம்.

நாற்காலியில் ஒரு "சொடக்"

கடைசியாக சலூன். முடி வெட்டி முடித்ததும் அவர் சும்மா விட மாட்டார். தலையில் எண்ணெய் தட்டுவார், தோளைப் பிடிப்பார், முதுகில் குத்துவார். இது வரைக்கும் சரி. பிறகு தாடையில் ஒரு கை, உச்சியில் ஒரு கை வைத்துத் திடீரென்று ஒரு திருப்பு. "சொடக்" என்று சத்தம் வரும். மறுபக்கமும் ஒன்று. பலருக்கு இது ரொம்பப் பிடிக்கும். காசும் கேட்க மாட்டார்.

கழுத்து வழியாகத்தான் மூளைக்கு ரத்தம் போகிறது. முன்னால் இரண்டு, எலும்புக்குள் நுழைந்து பின்னால் இரண்டு என நான்கு ரத்தக் குழாய்கள். திடீரென்று முறுக்கும்போது குழாயின் உள் சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகி, மூளைக்குப் போனால் பக்கவாதம். கர்நாடகத்தில் பெல்லாரிப் பக்கம் ஒரு தொழிலாளிக்குச் சலூனில் இப்படிக் கழுத்தைத் திருப்பியதால் பக்கவாதம் வந்து, பெங்களூரில் சிகிச்சை பெற்ற செய்தி 2024-ல் வெளிவந்தது. 2017-ல் டெல்லியில் ஒருவருக்கு இதே முறையில் கழுத்து நரம்பு பழுதாகி, மூச்சு விடவே சிரமம் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தினமும் சொடக்கு எடுத்துக் கொள்கிறார்கள், ஒருவருக்குத்தான் இப்படி ஆகிறது என்பதும் உண்மைதான். அந்த ஒருவர் யார் என்று முன்னால் தெரியாது. சொடக்கால் கிடைக்கும் லாபமோ, அந்தச் சத்தம் ஒன்றுதான்.

சொடக்கு எடுத்த சில மணியிலோ நாட்களிலோ ஒரு பக்கமாகக் கழுத்து வலி, தலைச்சுற்றல், தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது என்று ஏதாவது வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய், "சலூனில் கழுத்தைத் திருப்பினார்கள்" என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பித்தத் தலைச்சுற்றல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பி விடலாம்.

மாலீஷ் வேண்டும், சொடக்கு வேண்டாம் என்றால் நாற்காலியில் உட்காரும்போதே சொல்லி விடலாம். முடி வெட்டுபவர் வடக்கத்திக்காரர் என்றால் "கர்தன் மத் சட்கானா". மராட்டியர் என்றால் "மான் மோடு நக்கா". தமிழர் கடையில் பாஷைப் பிரச்சினை இல்லை. "அண்ணே, கழுத்துல கை வைக்காதீங்க" என்றால் போதும்.